காற்றின் வெப்பமும் கருவியின் பிழையும்

செட்டிநாட்டுச் சித்திரை வெயிலின் கடுமையை அறியாதவர் இலர். கத்தரி தொடங்குவதற்கு முன்னரே கண்மாய்கள் வற்றத் தொடங்கும். செம்மண் நிலம் காய்ந்து வெடிக்கும். நண்பகலில் காரைக்குடியின் நீண்ட தெருக்களில் ஆள் நடமாட்டம் அருகிவிடும். அத்தகைய ஒரு நண்பகலில் இளைஞர் ஒருவர் காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்கு மோட்டார் சைக்கிளில் புறப்படுவதாகக் கருதுக. அவருடைய ஊர்தியில் காற்றின் வெப்பநிலையைக் காட்டும் சிறு கருவி ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது.

வெயிலில் நிறுத்தியிருந்த ஊர்தியை அவர் எடுக்கும்போது கருவி 47 டிகிரி செல்சியஸ் காட்டுகிறது. ஊரைக் கடந்து திறந்த சாலையில் சிறிது தொலைவு சென்றதும் அது 40 ஆகக் குறைகிறது. வழியில் வண்டிகள் நெருங்கி நிற்கும் ஓரிடத்தில் அவரும் சில நிமிடங்கள் நிற்க நேர்கிறது. உடனே கருவியின் எண் மெல்ல மெல்ல ஏறி 45 ஐத் தொடுகிறது. மீண்டும் ஊர்தி ஓடத் தொடங்கியதும் எண் இறங்குகிறது. அரைமணி நேரத்திற்குள் காற்றின் வெப்பம் இவ்வாறு ஏறி இறங்கியிருத்தல் இயலுமா? இயலாது. அங்ஙனமாயின் இம்மூன்று எண்களுள் உண்மையானது எது? ஒன்றேனும் உண்மைதானா?

இவ்வினா சிறியதாகத் தோன்றலாம். எனினும், இதற்கு விடை காண முயன்ற அறிஞர்கள் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக உழைத்திருக்கின்றனர். அவ்வுழைப்பின் பயனே இன்று வானிலை நிலையங்கள் நாள்தோறும் வெளியிடும் வெப்பநிலைக் கணக்கு ஆகும்.

கருவி எதனைக் காட்டுகிறது?

வெப்பமானி காற்றின் வெப்பத்தைக் காட்டுகிறது என்று பலரும் எண்ணுவர். உண்மையில் எந்த வெப்பமானியும் தன்னுடைய வெப்பத்தையே காட்டுகிறது. பாதரச வெப்பமானியாயின் அதன் குமிழில் உள்ள பாதரசத்தின் வெப்பத்தைக் காட்டும். மோட்டார் சைக்கிளில் உள்ள கருவியாயின், கம்பியின் நுனியில் பயற்றளவே உள்ள ஒரு சிறு மணியின் வெப்பத்தைக் காட்டும். தெர்மிஸ்டர் எனப்படும் அம்மணியின் மின்தடை, வெப்பம் ஏற ஏறக் குறையும் இயல்புடையது. அம்மாறுதலை அளந்து, டிகிரிக் கணக்காக மாற்றிக் கருவி எண்ணைக் காட்டுகிறது.

மணியின் வெப்பமும் அதனைச் சூழ்ந்துள்ள காற்றின் வெப்பமும் ஒன்றாக இருந்தால்தான் கருவி காற்றின் வெப்பத்தைக் கூறியதாகும். வேறு ஏதேனும் ஒரு பொருளிலிருந்து மணிக்கு வெப்பம் வந்து சேருமாயின், கருவி அவ்வேறு பொருளின் செல்வாக்கையும் சேர்த்தே காட்டும். வெப்பம் மூன்று வழிகளில் பரவும் என்பது மாணவர் அறிந்ததே. தொட்டுக்கொண்டிருக்கும் பொருளின் வழியே கடத்தலாலும், காற்று அல்லது நீரின் அசைவினால் சலனத்தாலும், இடையில் எப்பொருளும் இன்றிக் கதிர்வீச்சாலும் அது பரவுகிறது. இம்மூன்று வழிகளிலும் பிழை வந்து புகுவதற்கு மோட்டார் சைக்கிளில் இடம் உண்டு.

பிழை வரும் வாயில்கள்

முதலாவது, எஞ்சின். ஓடும் ஊர்தியில் எஞ்சினின் வெப்பத்தை எதிர்க்காற்று பின்னோக்கி அடித்துச் சென்றுவிடும். ஊர்தி நின்றதும் அவ்வெப்பம் மேலெழுந்து முன்பகுதியையும் சூழ்ந்துகொள்ளும். நின்ற இடத்தில் எண் ஏறியதற்குக் காரணம் இதுவே ஆகும்.

இரண்டாவது, கதிரவன். வெயிலில் வைத்த இரும்புச் சட்டி, தன்னைச் சூழ்ந்த காற்றைவிட மிகுதியாகச் சூடேறுவதைக் காண்கிறோம் அன்றோ? அவ்வாறே வெயில் படும் மணியும், அதனைத் தாங்கும் கறுப்பு நிறக் கூடும் காற்றைவிடப் பல டிகிரி மிகுதியாகச் சூடேறும். இளைஞர் புறப்பட்டபோது கண்ட 47 டிகிரி, காற்றின் வெப்பமன்று. வெயிலில் காய்ந்த கூட்டின் வெப்பமே ஆகும்.

மூன்றாவது, சாலை. கோடை நண்பகலில் தார்ச்சாலையின் மேற்பரப்பு 60 டிகிரியையும் எட்டக்கூடும். அதனை ஒட்டியுள்ள காற்றும் மேலுள்ள காற்றைவிட மிகுந்த வெப்பமுடையதாக இருக்கும். தாழ்வாகப் பொருத்திய கருவி, மக்கள் மூச்சு விடும் உயரத்திலுள்ள காற்றை அளப்பதில்லை. சாலையின் மேல் படிந்துள்ள அனற்படலத்தையே அளக்கிறது.

நான்காவது, தாமதம். தடித்த கூட்டினுள் இருக்கும் மணி, காற்றின் வெப்பத்தை எய்துவதற்குச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் பார்க்கும் எண் பழைய இடத்தின் எண்ணாகவே இருக்கும்.

ஐந்தாவது, ஈரம். மண்பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது பானையைக் குளிர்விக்கிறது. மழையில் நனைந்த மணியும் அவ்வாறே குளிர்ந்து, உள்ளதைவிடக் குறைந்த எண்ணைக் காட்டும். ஏனைய பிழைகள் பெரும்பாலும் எண்ணை ஏற்றுவன; இஃது ஒன்றே இறக்குவது.

வானிலை அறிஞர் கண்ட வழி

தமிழ்நாட்டில் வெப்பநிலையை முறையாக அளந்து எழுதிவைக்கும் வழக்கம் பழமையானது. 1792ஆம் ஆண்டில் சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக்கூடம் ஒன்று எழுந்தது. 1796ஆம் ஆண்டு முதல் அங்கே வானிலைக் குறிப்புகள் எழுதப்பட்டன. பின்னர் 1875ஆம் ஆண்டில் இந்திய வானிலைத் துறை தோன்றிற்று. ஓரூரின் வெப்பத்தை மற்றோரூரின் வெப்பத்தோடு ஒப்பிட வேண்டுமாயின், எல்லா ஊர்களிலும் ஒரே முறையில் அளத்தல் வேண்டும். ஓரிடத்தில் சுவரிலும், மற்றோரிடத்தில் மரத்திலும், வேறோரிடத்தில் வெயிலிலும் வெப்பமானியைத் தொங்கவிட்டால், அவ்வெண்களை ஒப்பிடுவதில் பொருளில்லை.

இக்குறையை நீக்க வழி கண்டவர்களுள் ஒருவர் ஸ்காட்லாந்து நாட்டுப் பொறியாளரான தாமஸ் ஸ்டீவன்சன். கலங்கரை விளக்கங்கள் அமைப்பதில் பெயர் பெற்ற அவர், 19ஆம் நூற்றாண்டில் வெப்பமானிகளை வைப்பதற்கென ஒரு மரப்பெட்டியை அமைத்தார். அப்பெட்டியின் நான்கு புறமும் சாய்வான மரச்சட்டங்களால் ஆனவை. காற்று அவற்றின் இடையே தடையின்றிப் புகுந்து வெளியேறும். கதிரவன் ஒளி நேரே உட்புகாது. கூரை இரட்டையாக அமைந்திருக்கும். பெட்டி முழுவதும் வெண்ணிறம் பூசப்பட்டிருக்கும். இந்திய வானிலை நிலையங்களில் இப்பெட்டி தரையிலிருந்து ஏறத்தாழ 4 அடி உயரத்தில் வெப்பமானி அமையுமாறு நிறுத்தப்படுகிறது. செய்தித்தாளில் இன்ன ஊரில் இத்தனை டிகிரி என்று வருவது, இத்தகைய நிழலில், காற்றோட்டத்தில், குறித்த உயரத்தில் அளந்த எண்ணே ஆகும்.

இப்பெட்டியின் தத்துவம் செட்டிநாட்டு மக்களுக்குப் புதியதன்று. கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் உள்ள பெரிய வீடுகளைக் காண்க. தடித்த சுவர்களின்மேல் பூசிய சுண்ணச்சாந்து வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. முகப்பு வாயிலிலிருந்து பின்கட்டு வாயில் வரை கதவுகள் ஒரே நேர்க்கோட்டில் அமைந்து காற்றுக்கு வழிவிடுகின்றன. நடுவே உள்ள திறந்த முற்றத்தின் வழியே சூடேறிய காற்று மேலெழுந்து வெளியேறுகிறது. வெயிலைத் தடுத்தல், காற்றை விடுத்தல் என்னும் இரண்டையும் ஒருங்கே செய்த கொத்தனார்களின் அறிவும், வெப்பமானிப் பெட்டியை அமைத்த பொறியாளரின் அறிவும் ஒரே உண்மையைச் சார்ந்தவையாகும். வீடு மனிதனுக்கு, பெட்டி கருவிக்கு. வேறுபாடு அவ்வளவே.

எனினும், காற்று வீசாத நாளில் பெட்டிக்குள்ளும் வெப்பம் தேங்கிவிடும். அதனையும் நீக்க எண்ணினார் ஜெர்மானிய அறிஞர் ரிச்சர்ட் அஸ்மான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர் அமைத்த கருவியில், வெப்பமானியின் குமிழைச் சுற்றி மெருகேற்றிய உலோகக் குழல்கள் ஒன்றனுள் ஒன்றாக அமைந்திருந்தன. சிறு விசிறி ஒன்று அக்குழல்களின் வழியே காற்றை இடைவிடாது இழுத்தது. குழல் வெயிலைத் தடுத்தது. ஓடும் காற்று குமிழைத் தன் வெப்பநிலைக்குக் கொணர்ந்தது. நிழலும் காற்றோட்டமும் சேர்ந்த இம்முறையே துல்லியமான அளவைக்கு இன்றும் அடிப்படையாக உள்ளது.

அளவைக்கு வாழ்வை அளித்த அம்மையார்

இந்தியாவில் வானிலைக் கருவிகளின் துல்லியத்திற்காக உழைத்தவர்களுள் முதன்மையானவர் அன்னா மாணி அம்மையார். 1918ஆம் ஆண்டில் திருவிதாங்கூரைச் சேர்ந்த பீர்மேட்டில் பிறந்த அவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1939ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். பெங்களூரில் சர் சி. வி. இராமனின் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி செய்தார். பின்னர் இலண்டனுக்குச் சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்றார். 1948ஆம் ஆண்டில் தாயகம் திரும்பி, புனேயில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார்.

அக்காலத்தில் எளிய கருவிகளுக்கும் வெளிநாட்டையே எதிர்பார்க்க வேண்டியிருந்தது. அம்மையார் ஏறத்தாழ 100 வகையான வானிலைக் கருவிகளுக்குத் தரமான வரைபடங்களை உருவாக்கி, அவை இந்நாட்டிலேயே செய்யப்பட வழி வகுத்தார். செய்த கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று சோதிப்பதில் அவர் சிறிதும் தளர்ந்தாரல்லர். பிழையான அளவைக் கொண்டிருப்பதைவிட அளக்காமலே இருத்தல் மேல் என்பது அவர் கொள்கை. அளவே இல்லையெனில் மனிதன் ஆராய்ந்து பார்ப்பான். பிழையான அளவு இருந்தாலோ அதனை நம்பி ஏமாறுவான். 1976ஆம் ஆண்டில் துறையின் துணைத் தலைமை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்ற அம்மையார், 2001ஆம் ஆண்டில் மறைந்தார்.

மோட்டார் சைக்கிளில் செய்யத்தக்கவை

இவ்வறிஞர்கள் கண்ட உண்மைகளைக் கொண்டு இளைஞரின் கருவியையும் திருத்திவிடலாம். அதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை; பொறுமையே வேண்டும்.

முதலில் மணியின் இடத்தை மாற்றுதல் வேண்டும். எஞ்சினுக்கும் முன்விளக்கிற்கும் அருகில் இல்லாமல், கைப்பிடியின் முன்புறத்தில், பக்கக் கண்ணாடியைத் தாங்கும் தண்டின் அடிப்புறம் போன்ற உயர்ந்த இடத்தில் அதனை அமைக்கலாம். அங்கே எதிர்க்காற்று முதலில் வந்து படும். கைப்பிடியைத் திருப்பும்போது கம்பி இழுபடாமலும், பிரேக்கு, கிளட்சு ஆகியவற்றின் கம்பிகளில் சிக்காமலும் இருத்தல் இன்றியமையாதது.

அடுத்து, மணிக்கு ஒரு நிழல் வேண்டும். வெண்ணிறக் குழாய்த் துண்டுகள் இரண்டினை, ஒன்றனுள் ஒன்றாக, இடையே விரலளவு இடைவெளி இருக்குமாறு பொருத்துக. இரு முனைகளும் திறந்திருக்க வேண்டும். குழாய் ஊர்தி செல்லும் திசையில் நீண்டிருக்க வேண்டும். மணி அதன் நடுவில், எப்பக்கத்தையும் தொடாமல் நிற்க வேண்டும். தொட்டால் குழாயின் வெப்பம் கடத்தலால் வந்துவிடும். மழைநீர் தேங்காமல் இருக்க அடியில் சிறு துளை ஒன்று இடலாம். இஃது அஸ்மான் அமைத்த கருவியின் எளிய வடிவமே ஆகும். அவர் விசிறியால் காற்றை இழுத்தார். இங்கே ஊர்தியின் ஓட்டமே விசிறியின் வேலையைச் செய்கிறது.

வேகமாகச் செல்லும்போது காற்று மணியைக் குளிர்வித்து எண்ணைக் குறைத்துவிடாதா என்று சிலர் ஐயுறுவர். ஈரமில்லாத பொருளைக் காற்று தன்னைவிடக் குளிர்ந்ததாகச் செய்ய இயலாது. காற்று எவ்வளவு விரைவாக வீசினும், உலர்ந்த மணி காற்றின் வெப்பநிலைக்கு வந்து நிற்குமேயன்றி அதற்குக் கீழே செல்லாது. மாறாக, மோதும் காற்று அடைபடுவதால் சிறிது வெப்பம் மிகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அம்மிகுதி ஒரு டிகிரியில் ஏழில் ஒரு பங்கு அளவே ஆதலின் அதனைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை. மணிக்கு 900 கிலோமீட்டர் செல்லும் விமானத்திலோ அது 30 டிகிரி வரை ஆகும். ஆகவே விமானிகள் அதனைக் கழித்தே காற்றின் வெப்பத்தைக் கணக்கிடுகின்றனர்.

பனிக்கட்டியும் வெந்நீரும்

இடமும் நிழலும் சரியான பின்னரும் கருவியிலேயே பிழை இருக்கலாம். அதனைக் காண இரண்டு நிலைகளில் சோதித்தல் வேண்டும். பனிக்கட்டியை நன்றாக நொறுக்கி, ஒரு குவளையில் இட்டு, அதன் இடைவெளிகள் நிரம்புமாறு தூய நீர் ஊற்றிக் கலக்குக. பனிக்கட்டியும் நீரும் கலந்துள்ள வரையில் அதன் வெப்பநிலை 0 டிகிரி ஆகும். உப்புச் சேர்ந்தால் வெப்பநிலை அதற்கும் கீழே சென்றுவிடும். ஆதலின் உப்பு நீர் ஆகாது. மணியை மெல்லிய பாலிதீன் உறையினுள் இட்டு அதில் அமிழ்த்தி, எண் அசையாமல் நிற்கும் வரை காத்திருந்து குறித்துக்கொள்க.

பின்னர், வேறொரு குவளையில் வெதுவெதுப்பான நீரை எடுத்து, காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியையும் மணியையும் அருகருகே அமிழ்த்துக. நீர் 41 டிகிரிக்கு மேற்படலாகாது. மேற்படின் காய்ச்சல் வெப்பமானி கெடும். நீரைக் கலக்கிக்கொண்டே இருந்து, இரண்டின் எண்களையும் குறித்துக்கொள்க.

இளைஞரின் கருவி பனிக்கட்டி நீரில் 2 டிகிரியும், உண்மையில் 40 டிகிரி உள்ள நீரில் 43 டிகிரியும் காட்டியதாகக் கொள்க. உண்மையான 40 டிகிரிக்கு அது 41 டிகிரி ஏறுகிறது என்பது தெளிவு. ஆகவே அது காட்டும் எண்ணிலிருந்து 2 ஐக் கழித்து, மீதியை 40 ஆல் பெருக்கி, 41 ஆல் வகுத்தால் உண்மை வெப்பம் கிடைக்கும். சாலையில் ஓடும்போது கருவி 40 காட்டினால், 2 போக 38. அதனை 40 ஆல் பெருக்கி 41 ஆல் வகுக்க, ஏறத்தாழ 37 ஆகும். இத்திருத்தத்தை ஒரு சிறு தாளில் எழுதிக் கருவியின் அருகில் ஒட்டிவிட்டால் போதும். வானிலை நிலையத்து வெப்பமானிகளுக்கும் இத்தகைய திருத்தக் குறிப்புகள் உண்டு. பிழையே இல்லாத கருவி உலகில் இல்லை. பிழை இவ்வளவு என்று அறியப்பட்ட கருவியே நல்ல கருவியாகும்.

இத்தனையும் செய்த பின்னர், ஊர்தி சில நிமிடங்கள் சீராக ஓடியபின் காணும் எண்ணையே கொள்ளுதல் வேண்டும். நிற்கும்போது காணும் எண்ணைத் தள்ளிவிடுதல் வேண்டும்.

மூன்று டிகிரியின் மதிப்பு

இவ்வளவு முயன்று அறிவது மூன்று நான்கு டிகிரி வேறுபாடுதானே, இதனால் பயன் என்ன என்று சிலர் வினவலாம். வெயிற்காலத்தில் மனிதனின் தோல் ஏறக்குறைய 35 டிகிரி வெப்பமுடையது. காற்று அதனினும் குளிர்ந்திருக்கும் வரை, எதிர்க்காற்று உடலின் வெப்பத்தைக் கொண்டுசெல்லும். காற்றின் வெப்பம் அவ்வெல்லையைக் கடந்தால், அதே எதிர்க்காற்று உடலுக்கு வெப்பத்தைக் கொண்டுவரும். அப்போது உடலைக் காப்பது வியர்வை ஒன்றே. ஓடும் ஊர்தியில் வியர்வை உடனுக்குடன் உலர்ந்துவிடுவதால், உடல் இழக்கும் நீரின் அளவை ஓட்டுபவர் உணர்வதில்லை. தலை சுற்றலும் மயக்கமும் சாலையிலேயே வந்து சேரலாம். அத்தகைய வேளையில் நீர் அருந்தவும், நிழலில் தங்கவும், உடலை மூடும் பருத்தி ஆடை அணியவும் வேண்டும் என்று உணர்த்த வல்லது அச்சிறு கருவியே.

ஆனால் நாள்தோறும் 45, 47 என்று காட்டும் கருவியை யார் நம்புவர்? “இஃது எப்போதும் கூட்டியே காட்டும்” என்று எள்ளி, அதனைப் பார்ப்பதையே இளைஞர் விட்டுவிடுவார். உண்மையிலேயே காற்று 42 டிகிரியை எட்டும் நாளிலும் அவ்வெண் அவரைத் தடுக்காது. பொய் கூறிப் பழகியவன் மெய் கூறும்போதும் நம்பப்படுவதில்லை. கருவிக்கும் அஃதே கதி.

காரைக்குடிக்கு இவ்வுண்மை பொருத்தமானது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, 1948ஆம் ஆண்டில் நேரு பெருமகனாரால் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953ஆம் ஆண்டில் டாக்டர் இராதாகிருஷ்ணனால் திறந்துவைக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இந்நகரில் உள்ளது. துல்லியமான அளவையின்றி அங்கே ஓர் ஆராய்ச்சியும் நடைபெறாது. அந்நிலையம் எழுவதற்கு நெடுங்காலம் முன்னரே, கடல் கடந்து வாணிகம் செய்த இந்நாட்டு மக்கள் அளவையின் அருமையை அறிந்திருந்தனர். நல்ல வணிகர் பண்டத்தை நிறுக்குமுன் வெறுந்தராசைத் தூக்கி, அதன் முள் நடுநிலையில் நிற்கிறதா என்று பார்ப்பார். நில்லாவிடில், முதலில் தராசைச் சரிசெய்வார். பின்னரே பண்டத்தைத் தொடுவார்.

பிறர் கூறும் எண்ணையும், கருவி காட்டும் எண்ணையும் கண்டவுடன் நம்பாமலும், காரணமின்றி இகழாமலும், அஃது எவ்வாறு பெறப்பட்டது என்று வினவி, சோதித்துத் திருத்திக் கொள்வதே அறிவியல் நெறியாகும். அந்நெறியைப் பயில ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. ஒரு குவளைப் பனிக்கட்டியும், ஒரு சிறு குழாயும், உண்மையை அறியும் ஆர்வமும் போதும்.